மின் உதிரிபாகம் இறக்குமதியா? எச்எஸ் கோடு போடுவது இப்படி

கோவை கணபதியிலிருந்து ஒரு தம்பி போன மாதம் வாட்ஸ்அப்பில் ஓர் இன்வாய்ஸ் அனுப்பினார். போர்வெல் மோட்டாருக்கு கன்ட்ரோல் பேனல் செய்யும் சின்ன கம்பெனி. இதுவரை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிக்கொண்டிருந்தவர், முதல் தடவையாக ஷென்செனிலிருந்து நேரடியாகச் சரக்கு எடுக்கிறார். இன்வாய்ஸில் 14 ஐட்டம். பதினான்குக்கும் எதிரே ஒரே எச்எஸ் கோடு, அதாவது பொருள் என்ன, டூட்டி எவ்வளவு என்று சுங்கத்தில் முடிவு செய்யும் எண்: 8548. பொருள் விவரம் எழுதும் இடத்தில் 'எலக்ட்ரானிக் பார்ட்ஸ்' என்று பதினான்கு தடவை.

"சப்ளையரே கோடு போட்டுக் குடுத்துட்டாருங்க சார், நமக்கு வேலை மிச்சமுங்க" என்றார்.

சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் 24 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்டால் இப்போதும் வயிற்றில் புளியைக் கரைக்கும். அவருடைய 14 ஐட்டமும் கடைசியில் 12 ஹெட்டிங்குகளில், அதாவது நாலு இலக்கக் கோடுகளில், போய் உட்கார்ந்தன. அதில் 8548 ஒன்றுகூட இல்லை. அந்த வேலையை எப்படிச் செய்தோம் என்று சொன்னால், உங்கள் இன்வாய்ஸை நீங்களே பாதி பிரித்துவிடலாம். மீதிப் பாதிக்கு உங்கள் புரோக்கர் இருக்கிறார்.

முதலில் சப்ளையரின் கோடை ஏன் நம்பக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். எட்டு இலக்கத்தில் முதல் இரண்டு சாப்டர். நாலு சேர்ந்தால் ஹெட்டிங். ஆறு வரை உலகத்துக்கே பொது. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலக சுங்க அமைப்பு 1988 முதல் நடத்தும் முறை அது. கடைசி இரண்டு நம் நாட்டுக்கு மட்டும். சப்ளையர் பார்ப்பது தன் ஊர் ஏற்றுமதிக்கு எது சௌகரியம் என்று. அவர் எழுதியது தப்பானால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உங்களுக்கு உண்டு. 2011 முதல் நம் நாட்டில் சுய மதிப்பீடு: பில் ஆஃப் என்ட்ரியில் (இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பத்திரம்) என்ன கோடு, என்ன டூட்டி என்று சொல்வது இறக்குமதியாளரின் பொறுப்பு. ஆபீசர் அதைச் சரிபார்க்கிறார், அவ்வளவுதான்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 10 லட்ச ரூபாய்ச் சரக்கு. ஒரு ஹெட்டிங்கில் அடிப்படை டூட்டி இல்லை, இன்னொன்றில் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீதமென்றால் 1,00,000. அதன் மேல் சமூக நலக் கூடுதல் தீர்வை பத்தில் ஒரு பங்கு, 10,000. சரக்கு மதிப்போடு இரண்டும் சேர்ந்த 11,10,000 மேல் ஐஜிஎஸ்டி 18 சதவீதம், 1,99,800. மொத்தம் 3,09,800 ரூபாய். அடிப்படை டூட்டி இல்லாத ஹெட்டிங்கில் ஐஜிஎஸ்டி 1,80,000 மட்டும். ஐஜிஎஸ்டி கிரெடிட்டாகத் திரும்பிவிடும் என்பதால் உங்கள் கையை உண்மையில் கடிப்பது 1,10,000. ஒரு நாலு இலக்கத்துக்கு இந்த விலை. டூட்டி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், இடையில் நோட்டிபிகேஷனிலும் மாறும். அதனால் விகிதத்தை ஃபைல் பண்ணும் அன்றைக்குப் பாருங்கள், கோடை அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். விகிதத்தைப் பார்த்துக் கோடு தேடுகிறவர்கள்தான் பிற்பாடு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

"அப்படின்னா டூட்டி ஜாஸ்தியா இருக்கிற கோடையே போட்டுடுங்க, வம்பே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. அதிகமாகக் கட்டியதைப் பிறகு அப்படியே திருப்பிக் கேட்க முடியாது. முதலில் அந்த மதிப்பீட்டையே அப்பீல் செய்தோ திருத்தியோ மாற்றவேண்டும் என்று 2019-இல் ஐடிசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு தடவை நீங்களே ஏற்றுக்கொண்ட கோடு அடுத்த சரக்கிலும் உங்கள் தலையில்தான் உட்காரும்.

பொருளைக் கையில் எடுங்கள்

கோடுகளைப் பட்டியலிடும் டாரிஃப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் டேட்டாஷீட் வாங்குங்கள். தர மறுக்கும் சப்ளையரிடம் ஒரு சாம்பிளாவது கேளுங்கள். நான் கேட்கும் கேள்விகள் எப்போதும் இவைதான்: இது என்ன வேலை செய்கிறது? எதனால் ஆனது? எத்தனை வோல்ட், எத்தனை வாட்? தனியாக வருகிறதா, வேறு எதோடாவது பூட்டி வருகிறதா? கடைசியாக, இதை வேறு மெஷினிலும் போடலாமா, அந்த ஒரு மெஷினுக்கு மட்டுமா?

கோவைத் தம்பியின் பத்தாவது ஐட்டம் பேக்கிங் லிஸ்ட்டில் 'டிசி மோட்டார் 12 வோல்ட்'. மோட்டார் என்றால் 8501. போட்டோ அனுப்பச் சொன்னேன். வந்தது, கம்ப்யூட்டருக்குள் சுற்றுமே, அந்தச் சதுரக் கூலிங் ஃபேன். உள்ளே மோட்டார் இருக்கிறதுதான். ஆனால் இறக்கையும் கூடும் சேர்ந்து ஃபேனாகிவிட்ட பிறகு அது 8414. மின்சார சாப்டரே இல்லை, 84-ஆம் சாப்டர். 'பேனல் ஃபிட்டிங்' என்று வந்த ஐட்டம் நைலான் கேபிள் டை. அது பிளாஸ்டிக் பொருள், 3926. இன்சுலேஷன் டேப்பையும் இப்படித்தான் 8547-இல் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒட்டும் பிவிசி டேப் 3919.

பெயரை நம்பினால் இப்படித்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பெயர், சீனாவில் ஒரு பெயர், டாரிஃபில் வேறொரு பெயர். மூன்றும் ஒரே பொருளைச் சொல்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

ஹெட்டிங்குக்கு முன் நோட்ஸ்

புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் கூகுளில் 'ரிலே எச்எஸ் கோடு' என்று அடித்து, வருகிற முதல் எண்ணை எழுதிக்கொண்டு வருவார்கள். நான் அவர்களை உட்காரவைத்து பதினாறாவது செக்‌ஷனின் நோட்ஸைப் படிக்கச் சொல்வேன். பல சாப்டர் சேர்ந்தது ஒரு செக்‌ஷன், அதன் தொடக்கத்தில் இருக்கும் குறிப்புகள்தான் நோட்ஸ். 84, 85 இரண்டு சாப்டரும் அந்த செக்‌ஷனில்தான் வருகின்றன. டாரிஃபின் முதல் விதியே, ஹெட்டிங்கின் வாசகமும் செக்‌ஷன், சாப்டர் நோட்ஸும் சேர்ந்துதான் ஒரு பொருளின் இடத்தை முடிவு செய்யும் என்கிறது. தலைப்புகள் வெறும் அடையாளத்துக்கு.

அந்த செக்‌ஷனின் முதல் நோட், எது இங்கே வராது என்று சொல்கிறது. பொதுவாக எங்கும் பயன்படும் போல்ட், நட், ஸ்க்ரூ வராது. அதனால் தம்பியின் பேனல் ஸ்க்ரூ, இரும்பில் செய்தது, 7318-க்குப் போயிற்று. 90-ஆம் சாப்டரில் வரும் அளவிடும் கருவிகளும் இங்கே வராது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு சோகக்கதை இருக்கிறது.

இரண்டாவது நோட்தான் இந்தத் தொழிலின் மூலதனம். ஒரு மெஷினுக்குப் பாகமாகப் போகும் பொருளுக்கு 84 அல்லது 85-இல் சொந்தமாக ஒரு ஹெட்டிங் இருந்தால், எந்த மெஷினுக்குப் போனாலும் அது அந்த ஹெட்டிங்கிலேயே நிற்கும். 8503, 8538, 8548 மாதிரி 'பாகங்கள்' என்றே பெயருள்ள ஹெட்டிங்குகளுக்கு இது பொருந்தாது. சொந்த ஹெட்டிங் இல்லாத பொருள்தான், எந்த மெஷினுக்கென்று செய்ததோ அந்த மெஷினின் பாகமாகப் போகும். அதுவும் இல்லாவிட்டால்தான் 8548. அதாவது 8548 என்பது எல்லாக் கதவையும் தட்டிவிட்டு வந்தவனுக்குத் திண்ணை. சப்ளையர்கள் நேராகத் திண்ணையில் போய்ப் படுத்துவிடுகிறார்கள்.

இதன்படி தம்பியின் ரிலே, பேனலின் பாகம் அல்ல. ரிலேவுக்கு 8536 என்று சொந்த வீடு இருக்கிறது, 1000 வோல்ட் வரை. அதன் சப்ஹெட்டிங் (ஆறு இலக்கக் கோடு) 60 வோல்ட்டை வைத்துப் பிரிகிறது. ரிலேயில் சுருளின் வோல்டேஜ் ஒன்று, காண்டாக்ட் தாங்கும் வோல்டேஜ் இன்னொன்று. இரண்டையும் விவரத்தில் எழுதிவிடுங்கள், ஒன்றை மட்டும் எழுதி வைத்தால் ஆபீசரிடமிருந்து குவெரி வரும். அடுத்த ஐட்டம் ஒரே போர்டில் நாலு ரிலே ஏறியது. 8535, 8536-இல் வரும் கருவிகள் இரண்டோ அதற்கு மேலோ ஒரு பலகையில் பூட்டி, மின்சாரத்தைக் கட்டுப்படுத்த வந்தால் அது 8537. அதனால் ஒற்றை ரிலே ஒரு ஹெட்டிங், நாலு ரிலே போர்டு வேறு ஹெட்டிங்.

வாகன உதிரிபாகம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பவர்கள் எல்லாவற்றையும் வாகன பாகங்களுக்கான 8708 என்று எழுதுவார்கள். வாகனங்கள் வரும் பதினேழாவது செக்‌ஷனின் நோட், 85-ஆம் சாப்டரின் மின்பொருட்களை 'வாகன பாகம்' என்பதிலிருந்து விலக்கிவைக்கிறது. காரின் ஒயரிங் செட்டுக்கு 8544-இலேயே தனி சப்ஹெட்டிங் இருக்கிறது. ஆனால் 2021 மார்ச்சில் வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி ஃபார்மர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரயில்வே சிக்னலுக்கென்றே செய்த ரிலேயை 8536-இலிருந்து எடுத்து, ரயில்வே சிக்னல் கருவிகளுக்கான 8608-இல் வைத்தது. அதை வைத்துக்கொண்டு துறையில் சிலர் எல்லா வாகன மின்பாகத்தையும் 8708-க்கு இழுக்க ஆரம்பித்தார்கள். 2022 ஜனவரி 5-இல் மறைமுக வரிகள் வாரியமே, அந்தத் தீர்ப்பைப் பொத்தாம்பொதுவாக நீட்டாதீர்கள், ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய நோட்டோடு வைத்துப் பாருங்கள் என்று அறிவுறுத்தல் விடவேண்டியதாயிற்று. அந்த அறிவுறுத்தலை நான் பிரிண்ட் எடுத்து டிராயரில் வைத்திருக்கிறேன்.

கண்டென்சரில் ஒரு கணக்கு

மூன்றாவது, நான்காவது ஐட்டம் கப்பாசிட்டர். மெக்கானிக் பாஷையில் கண்டென்சர். ஒன்று 2.5 மைக்ரோஃபாரட், இன்னொன்று 25 மைக்ரோஃபாரட், இரண்டும் 440 வோல்ட் ஏசி, இரண்டும் பிளாஸ்டிக் ஃபிலிம். ஹெட்டிங் 8532, சந்தேகமே இல்லை. ஆனால் சப்ஹெட்டிங்?

8532 10-இன் வாசகத்தை அப்படியே படியுங்கள்: 50/60 ஹெர்ட்ஸ் சர்க்யூட்டில் பயன்படுத்தச் செய்த, 0.5 கிலோவாருக்குக் குறையாத ரியாக்டிவ் பவர் தாங்கும் நிலையான கப்பாசிட்டர். பெரும்பாலோர் அடைப்பில் இருக்கும் 'பவர் கப்பாசிட்டர்' என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு, அது சப்ஸ்டேஷனில் நிற்கும் பெரிய டப்பா, நமக்கென்ன என்று தாண்டிப்போய்விடுவார்கள். வாசகம் டப்பாவின் அளவைச் சொல்லவில்லை, ரியாக்டிவ் பவரை அளக்கும் கிலோவாரைச் சொல்கிறது. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 2 × 3.14 × 50 என்பது 314. அதை மைக்ரோஃபாரடால் பெருக்கி, வோல்டேஜின் வர்க்கத்தால் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்தால் வார் கிடைக்கும். 440-இன் வர்க்கம் 1,93,600.

25 மைக்ரோஃபாரடுக்கு 314 × 25 × 1,93,600 ÷ 10,00,000 = சுமார் 1,520 வார். அதாவது 1.52 கிலோவார். எல்லையைத் தாண்டிவிட்டது, 8532 10. ஃபேனுக்குப் போடும் 2.5-க்கு 152 வார்தான். எல்லைக்குக் கீழே; ஃபிலிம் ரகம் என்பதால் 8532 25. 440 வோல்ட்டில் 8 மைக்ரோஃபாரடுக்குக் கொஞ்சம் மேலே அந்த எல்லை விழுகிறது.

போனில் இதைச் சொன்னபோது தம்பி சிரித்தார். "ஏனுங்க, கண்டென்சர்னா கண்டென்சர்தானுங்களே, இதுக்குப் போயி கால்குலேட்டரா?" 8532, டூட்டியை நீக்கும் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் இருக்கும் ஹெட்டிங், அதனால் இந்தப் பிரிவினையில் இன்றைக்குப் பணம் பெரிதாக மாறாது. ஆனாலும் போட்டேன். சப்ஹெட்டிங்கை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்கவேண்டும். எக்ஸெலில் ஒரு ஷீட் வைத்திருக்கிறேன், மைக்ரோஃபாரடும் வோல்ட்டும் அடித்தால் கிலோவார் சொல்லிவிடும். நீங்களும் அரைமணி நேரத்தில் செய்துகொள்ளலாம்.

ரெசிஸ்டர் 8533. அதிலும் வாட் பார்க்கவேண்டும், 20 வாட் ஒரு எல்லை. ஹீட்டராக வேலை செய்யும் ரெசிஸ்டர் அதில் வராது என்று ஹெட்டிங்கே சொல்கிறது, அது 8516.

என் சோகக்கதை

தெர்மிஸ்டரும் ரெசிஸ்டர்தான். வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் மணி, இரண்டு கால்கள். 8533 40. சந்தேகம் இல்லாமல் இதை நூறு தடவை போட்டிருப்பேன்.

பல வருஷங்களுக்கு முன் ஃபிரீசர் செய்யும் ஒரு கம்பெனிக்குச் சரக்கு வந்தது. இன்வாய்ஸில் 'என்டிசி தெர்மிஸ்டர்'. நான் பொருளைப் பார்க்கவில்லை, டேட்டாஷீட் கேட்கவில்லை. போன பில்லைப் பார்த்து 8533 40 என்று போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு வருஷம் ஆவதற்குச் சில வாரம் இருக்கும்போது ஆடிட்டிலிருந்து கடிதம். சாம்பிளை வரவழைத்துப் பார்த்தால், மணி உள்ளே எங்கோ இருக்கிறது. வெளியே ஸ்டீல் குழாய், இரண்டு மீட்டர் ஒயர், நுனியில் கனெக்டர், அதன் மேல் வெப்ப அளவு எல்லை அச்சடித்த லேபிள். இது டெம்பரேச்சர் சென்சார், 90-ஆம் சாப்டர் என்றது துறை. செக்‌ஷன் நோட்டைக் காட்டியது. முதல் நோட்டை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான்.

யார் சொன்னது சரி என்பதில் எனக்கு இன்னமும் முழுச் சம்மதம் இல்லை. குழாய்க்குள் வைத்தாலும் அது தெர்மிஸ்டராகத்தான் வேலை செய்கிறது, தானாக எந்த அளவையும் காட்டாது என்று வாதாட இடம் இருந்தது. ஆனால் வாதாட முடியவில்லை. ஏனென்றால் என் பில்லில் குழாயும் இல்லை, ஒயரும் இல்லை, கனெக்டரும் இல்லை. 'என்டிசி தெர்மிஸ்டர்' என்ற இரண்டு வார்த்தைதான் இருந்தது. சாதாரணமாக டூட்டி குறைவை இரண்டு வருஷத்துக்குள்தான் கேட்கமுடியும். மறைத்தார்கள், வேண்டுமென்றே தவறாகச் சொன்னார்கள் என்றால் ஐந்து வருஷம் பின்னோக்கிப் போகலாம், டூட்டிக்குச் சமமாக அபராதமும் போடலாம். விவரத்தை முழுசாக எழுதாததை 'மறைப்பு' என்று வாசிக்கக் கிளம்பினால் நமக்கு ஒளிய இடமில்லை. வாடிக்கையாளர் வித்தியாசத்தையும் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியையும் கட்டி முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களிடம் வரவில்லை. வராததில் நியாயம் இருக்கிறது.

தம்பியின் ஆறாவது ஐட்டம் தெர்மிஸ்டர் என்றதும் முதலில் போட்டோ கேட்டேன். இரண்டு கால் வைத்த வெறும் மணி. நிம்மதி.

மற்றவை

ஐசி 8542, டயோடும் டிரான்சிஸ்டரும் 8541. 85-ஆம் சாப்டரின் 12-ஆவது நோட், 8523 ஒன்றைத் தவிர வேறு எந்த ஹெட்டிங்கோடு போட்டியிட்டாலும் இந்த இரண்டுக்கும்தான் முன்னுரிமை என்கிறது. அதனால் மைக்ரோகன்ட்ரோலர் எந்த மெஷினுக்குப் போனாலும் 8542 31. ஆனால் ஐசி வேறு, ஐசி ஏறிய போர்டு வேறு. வெறும் பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) 8534. அதில் கனெக்டர் மட்டும் ஏறியிருந்தால் பரவாயில்லை, அதைத் தவிர அச்சிடும் முறையில் உருவாகாத வேறு பொருள் ஏறிவிட்டால் 8534 போய்விட்டது. அந்த போர்டு என்ன வேலை செய்கிறது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஒயர்: இன்சுலேஷன் இருந்தால் 8544, கனெக்டர் பூட்டியிருந்தால் அதற்குள் 8544 42. இன்சுலேஷன் இல்லாத வெறும் செம்புக்கம்பி 74-ஆம் சாப்டர். எனாமல் பூசிய வைண்டிங் ஒயர் பார்க்க வெறும் கம்பி மாதிரி இருக்கும். எனாமலும் இன்சுலேஷன்தான், 8544 11. அடாப்டர் 8504 40.

எல்இடியில்தான் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தனி எல்இடி 8541 41, மாட்யூல் 8539 51, பல்பு 8539 52, டிரைவர் 8504 40. இதில் முதல் மூன்று எண்ணும் 2022-இல் வந்த திருத்தத்தில் பிறந்தவை. சோலார் செல்லும் எல்இடியும் அதுவரை 8541 40 என்ற ஒரே கூரையில் இருந்தன. அதனால் 2021 பில்லைக் காட்டி 'போன தடவை இதுதான் போட்டோம்' என்பவரிடம் நான் சண்டைகூடப் போடுவதில்லை.

இன்னொரு விஷயம். பல்பின் கூடு, மூடி, டிரைவர், எல்இடி போர்டு, டிஃப்யூசர் எல்லாம் ஒரே எண்ணிக்கையில் ஒரே சரக்கில் வந்தால், ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு போட்டுத் தப்பிக்க முடியாது. இரண்டாவது விதியின் முதல் பகுதி, பூட்டாமல் வந்த பொருளையும் முழுப் பொருளாகத்தான் பார்க்கும். 'நாங்க இங்க அசெம்பிள் பண்றோம் சார்' என்பது அரசாங்கத்துக்கு நல்ல செய்தி. டாரிஃபுக்கு அது காதில் விழாது.

இரண்டு ஹெட்டிங் மல்லுக்கு நின்றால் மூன்றாவது விதி: குறிப்பாகச் சொல்வது பொதுவாகச் சொல்வதை வெல்லும். அது முடியாவிட்டால் பொருளுக்கு அதன் முக்கியத் தன்மையைத் தருவது எது என்று பாருங்கள். அதிலும் தீராவிட்டால், எண்வரிசையில் கடைசியில் வருவது. நேராக அந்தக் கடைசிப் படிக்குத் தாவுகிறவர்கள் ரொம்பப் பேர். பல வேலை செய்யும் மெஷினுக்கு மூன்றாவது விதிவரை வரவே வேண்டாம், பதினாறாவது செக்‌ஷனின் மூன்றாவது நோட்டே முக்கிய வேலையைப் பார் என்று சொல்லிவிடுகிறது.

ஃபைல் பண்ணும்போது

விவரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 'ரிலே' என்று எழுதாதீர்கள். 'மின்காந்த ரிலே, சுருள் 12 வோல்ட் டிசி, காண்டாக்ட் 10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி, பிசிபியில் பொருத்துவது, மாடல் எண் இன்னது' என்று எழுதுங்கள். டேட்டாஷீட்டைச் சுங்கத்தின் ஆன்லைன் ஆவணத் தளமான இ-சஞ்சித்தில் ஏற்றிவிடுங்கள். இது முன்னைவிட இப்போது முக்கியம். ஒரு காலத்தில் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் மாடி ஏறி, அப்ரைசர் மேசையில் சாம்பிளை வைத்து, 'சார், நீங்களே தொட்டுப் பாருங்க' என்று சொல்லிவிட்டு வரலாம். 2020 ஜூன் 8-இல் ஃபேஸ்லெஸ் மதிப்பீடு முதன்முதலில் தொடங்கியதே பெங்களூரிலும் சென்னையிலும், அதுவும் 84, 85 சாப்டர்களுக்குத்தான். இப்போது உங்கள் பில்லை வேறு ஏதோ ஊரில் இருக்கும் ஆபீசர் பார்க்கிறார். அவர் கையில் உங்கள் பொருள் இல்லை, நீங்கள் ஏற்றிய பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது.

ஃபைல் பண்ணுவதற்கு முன் புரோக்கர் ஒரு செக்லிஸ்ட் அனுப்புவார். அதை மொபைலில் ஒரு தள்ளு தள்ளிவிட்டு 'ஓகே' என்று பதில் போடாதீர்கள். கோடு, அளவு, யூனிட், விவரம், ஒவ்வொரு ஐட்டத்தையும் படியுங்கள். உங்கள் பொருளை எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

குவெரி வந்தால் பயப்படாமல், எந்த நோட், எந்த ஹெட்டிங் வாசகம், டேட்டாஷீட்டில் எந்தப் பக்கம் என்று நாலு வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகளில் உங்கள் பொருளின் பெயரே இருந்தால் அதைக் காட்டுங்கள். நம் நீதிமன்றங்கள் அதற்கு மதிப்பு கொடுக்கின்றன. அமெரிக்கச் சுங்கத்தின் க்ராஸ் என்ற தளத்தில் கப்பாசிட்டர், ரிலே எல்லாவற்றுக்கும் பழைய முடிவுகள் கொட்டிக்கிடக்கின்றன. நம் ஆபீசரைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எப்படி யோசிப்பது என்று கற்றுக்கொள்ள அருமையான இடம். உங்கள் கோடை மாற்றிவிட்டார்கள், உங்களுக்கு ஒப்புதல் இல்லை என்றால் எழுத்தில் காரணத்தோடு உத்தரவு கேளுங்கள். 15 நாளில் தரவேண்டும். அதன் மேல் 60 நாளுக்குள் அப்பீல் போகலாம். சரக்கை எடுக்கும் அவசரத்தில் 'ஒத்துக்கொள்கிறேன்' என்று எழுதிக்கொடுத்தால் அந்த உத்தரவு கிடைக்காது.

பொருள் என்னவென்றே நிச்சயமில்லாவிட்டால் ஃபர்ஸ்ட் செக் கேளுங்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு மதிப்பீடு நடக்கும். கன்டெய்னர் நிற்கும் சிஎஃப்எஸ் கிடங்கில் இரண்டு மூன்று நாள் வாடகை கூடும், நோட்டீஸைவிட மலிவு. ஒரே பொருளை வருஷம் முழுக்க எடுக்கப்போகிறீர்கள், தொகையும் பெரிது என்றால் டெல்லியிலோ மும்பையிலோ இருக்கும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 10,000 ரூபாய், சட்டப்படி மூன்று மாதத்தில் பதில், சட்டம் மாறாதவரை சில வருஷம் செல்லும். சின்ன இறக்குமதியாளர்கள் இதைப் பெரிய கம்பெனி விவகாரம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

கோடோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொன்று பிஐஎஸ், அதாவது இந்தியத் தரச் சான்று. எம்சிபி, ஸ்விட்ச், பிளக்-சாக்கெட், பிவிசி ஒயர் இவற்றுக்கெல்லாம் அது கட்டாயம். சில அடாப்டர்களுக்கும் எல்இடி டிரைவர்களுக்கும் பதிவு வேண்டும். சரக்கு கப்பலேறிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு ஓடிவந்தால் நாங்கள் செய்ய ஒன்றுமில்லை.

தம்பியின் சரக்கு மூன்றாவது நாள் அவுட் ஆஃப் சார்ஜ் ஆயிற்று, அதாவது சரக்கை எடுத்துப்போகச் சுங்கம் அனுமதித்துவிட்டது. குவெரி ஒன்றே ஒன்று, நாலு ரிலே போர்டுக்கு. 8537 வாசகத்தையும் போர்டின் போட்டோவையும் அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். பதினான்கு ஐட்டத்துக்கும் கோடு, காரணம், டேட்டாஷீட் பெயர் போட்டு ஒரு ஷீட் அவருக்கும் அனுப்பினேன், அடுத்த ஆர்டரில் சப்ளையருக்கே கொடுத்துவிடுங்கள் என்று.

நேற்று அடுத்த இன்வாய்ஸ் வந்தது. 9 ஐட்டம். ஒன்பதுக்கும் 8548. கீழே தம்பியின் மெசேஜ்: "சொன்னேனுங்க சார், கேக்க மாட்டேங்கிறானுங்க. டேட்டாஷீட் மட்டும் வாங்கிட்டனுங்க."